ஜோடி நெல் வயலில் மீந்த நாற்று

பயிற்சி வகுப்பின் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இந்த விதைக்கு இந்தக் களைக்கொல்லி, இந்தக் களைக்கொல்லிக்கு இந்த விதை, ஒன்றை விட்டு ஒன்று கூடாது. திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். மதியம் பிரியாணி என்று காதில் விழுந்திருந்தால் இன்னும் வேகமாக ஆட்டியிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா, நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன்தான்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மருந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, களை எத்தனை இலையில் இருக்கும்போது அடிப்பது என்பதெல்லாம் டப்பாவோடு வருகிற தாளில் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும், கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இல்லாத ஒன்றைத்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது டெல்டாவில் களைக்கொல்லி விற்பது பெரிய பாடு. களை எடுக்க ஆட்கள் இருந்தார்கள். "எங்க ஊருப் பொம்பளைங்க பிடுங்காத களையா உங்க மருந்து பிடுங்கப்போவுது?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். புதுப்புதுக் கம்பெனிகள் உள்ளே வந்தன. டெல்டாவின் ஆட்கள் வெளியே போனார்கள். திருப்பூருக்கு ஒரு பஸ், சென்னைக்கு ஒரு பஸ், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம். களை எடுக்கிற கைகள் பனியன் தைக்கப் போய்விட்டன. நடவுக்கே ஆளில்லை என்று ஆனபோது சேற்றில் நேரடியாக விதையைத் தெளித்தார்கள். நெல்லும் களையும் ஒன்றாக முளைத்தன. முன்பு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியவர்கள் எனக்குப் போன் போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஏங்குகிறது. மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு உதை. திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் என்று ஒரே நாளில் சுற்றுவேன். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் புழுதியை நனைத்துக்கொண்டு ஏறும்போது ஒரு வாசம் வரும். வண்டியை நிறுத்திவிட்டு அதை முகர்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிச் சுற்றுகிற வேலை எனக்குக் கிடைத்ததே என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். முதுகு வலிக்கிறது என்று முனகுவதும் அதே வாய்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் வந்தது. இந்த நெல்லின் மேல் அதற்கென்று உள்ள மருந்தை அடித்தால் களை சாகும், நெல் அசையாது. விதையும் மருந்தும் சேர்ந்தே விற்றதால் கடைக்காரர்கள் அதற்கு ஜோடி நெல் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் கம்பெனி வைத்த நீளமான பெயரை யாரும் சொல்லவில்லை.

முதல் வருடம் ஒரு தப்பு எல்லா ஊரிலும் நடந்தது. ஒருவர் வயலில் களை மட்டும் கருகி நெல் நிமிர்ந்து நிற்பதைப் பக்கத்து வயல்காரர் பார்ப்பார். நேரே கடைக்குப் போய், "அவருக்குக் குடுத்தீங்களே, அதே மருந்து எனக்கும் குடுங்க" என்பார். என்ன நெல் போட்டிருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்க மாட்டார். அடித்த சில நாளில் களையோடு சேர்ந்து நெல்லும் மஞ்சளாகிப் போய்விடும். கீழ்வேளூர் பக்கம் ஒருவர் அப்படிப் பொசுங்கிய வயலைக் காட்டி, "ஆனா சார், களை ஒண்ணுகூட இல்ல பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

அந்தத் தப்பை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அதற்குத்தான் உங்களுக்குப் பயிற்சியே. நான் சொல்லவந்தது வேறு ஒரு வயல், விதையும் மருந்தும் சரியாகவே பொருந்தியிருந்த வயல்.

வேளாங்கண்ணிக்கும் திருப்பூண்டிக்கும் நடுவே ஒரு கடைமடை ஊர். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப்பார்க்கிற இடம். அங்கே ஜெசிந்தா என்று ஒரு பெண். கணவர் அருள் குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் அவருடைய லீவு நாட்களில்தான். குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தை அந்த வருடம்தான் ஜெசிந்தா திருப்பி வாங்கித் தானே பயிர் வைத்தார். ஏன் என்று விதைப்பு அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார்.

"அவரோட அக்ரிமெண்ட் முடியுது சார். கிறிஸ்துமஸுக்குள்ள மறுபடி கையெழுத்துப் போடணும். போட்டா இன்னும் மூணு வருஷம். போடலன்னா ஊருக்கே வந்துடலாம். நெலம் நம்மளக் காப்பாத்தும்னு தெரிஞ்சா வந்துடறேங்கறாரு. அதான், இந்த சம்பாவ நான் ஒழுங்கா வெளைய வச்சுக் காட்டணும்."

விதை விற்பவனிடம் யாரும் இப்படி ஒரு குடும்பத்தையே தூக்கி வைக்கக் கூடாது. களை எடுக்க ஆள் கிடைக்காத ஊர், அதனால் ஜோடி நெல் சரியான தேர்வுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சரியான தேர்வுதான்.

விதைத்துச் சில நாளில் ஒரு மழை பிடித்தது. வடிகால் ஓரமாக இருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி முளை அழுகிவிட்டது. மற்ற இடங்களிலும் அங்கங்கே சொட்டை. இது நேரடி விதைப்பில் வழக்கம்தான். ஜெசிந்தா போனில் சொன்னபோது, "வந்து பார்க்கிறேன், பயப்படாதீங்க" என்றேன். ஆனால் நாகப்பட்டினம் கூட்டம், திருத்துறைப்பூண்டி கூட்டம் என்று இழுத்துக்கொண்டே போய், மருந்து அடிக்க வேண்டிய நாளன்றுதான் என்னால் போக முடிந்தது.

கோடியக்கரைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. மருந்து அடிக்கும் செல்வம் ஏற்கெனவே வந்து, ஸ்பிரேயரை வரப்பில் வைத்துவிட்டு வானத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். களை அடிக்கிற பதத்தின் கடைசியில் இருந்தது. குதிரைவாலிப் புல்லை இன்னும் சில நாள் விட்டால் அது மருந்துக்குச் சாகாது, சும்மா மயங்கி எழுந்திருக்கும். மழை பிடித்துக்கொண்டால் வயலில் இறங்கவே முடியாது. அன்றைக்கு விட்டால் அந்தப் பருவமே கையைவிட்டுப் போகும்.

"தண்ணிய வடிச்சாச்சு சார். அடிக்கச் சொல்லிடவா?" என்றார் ஜெசிந்தா.

நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். இது பழக்கம். எந்த வயலானாலும் நடுவரை நடக்காமல் நான் எதுவும் சொல்வதில்லை. பத்துத் தப்படி போனதும் கால் நின்றுவிட்டது. தெளித்த நெல் ஒற்றை ஒற்றையாக, இஷ்டத்துக்கு நிற்கும். அங்கே சில இடங்களில் மூன்று நான்கு பயிர் சேர்ந்து, குத்துக் குத்தாக, இடைவெளிவிட்டு நின்றன. கை வைத்து நட்ட பயிர். பள்ளத்தில் பார்த்தால் அந்தப் பகுதி முழுவதும் அப்படித்தான் இருந்தது.

"சொட்டையில என்ன நட்டீங்க?"

"நெல்லுதான் சார்."

"எங்கேயிருந்து எடுத்த நாற்று?"

"எங்க அக்காவுது. ஓர்ப்படி. பிலோமினா அக்கா. அவங்க நடவு முடிஞ்சு மீந்த நாத்தக் கொண்டாந்து குடுத்தாங்க. அவங்களே எறங்கி என்னோட நட்டாங்க."

"அவங்க என்ன ரகம் போட்டிருக்காங்க?"

ஜெசிந்தா விழித்தார். நம் பகுதியை அறிந்தவர்களுக்கு இது புரியும். மீந்த நாற்றுக்கு யாரும் விலை சொல்வதில்லை, வாங்குபவர் ரகம் கேட்பதுமில்லை. நடவு முடிந்து வரப்பில் முடி முடியாகக் கிடக்கும் நாற்றுக் கட்டுகளை யாருக்குக் குறை இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்வார். காலங்காலமாக அப்படித்தான். அரிசியில் கொஞ்சம் கலந்தால் என்ன, வீட்டுச் சாப்பாட்டுக்குத்தானே. ஆனால் ஜோடி நெல் வயலில் அந்த வழக்கம் செல்லாது. பிலோமினாவின் நாற்று சாதாரண நெல். மருந்து பட்டால் குதிரைவாலிக்கு ஆகிற கதிதான் அதற்கும்.

சொன்னேன். ஜெசிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நெல்லுக்குள்ள நெல்ல நட்டா அது தப்பா சார்?"

இந்தக் கேள்விக்கு நமக்குப் பயிற்சி வகுப்பில் பதில் கொடுத்திருக்கிறார்களா? எனக்குக் கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தாவின் போன் அடித்தது. அருள். வேலை இடைவேளையில் வயலைப் பார்க்க வீடியோவில் கூப்பிட்டிருந்தார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வயல் பக்கம் திருப்பினார்.

"ஏ ஜெசி, பச்சப்பசேல்னு இருக்கே! எல்லாம் நம்ம நெல்லா?"

"ஆமாங்க."

"சூப்பரு. இந்த மாதிரி இருந்தா வந்துடலாம் போலிருக்கே" என்று சிரித்தார்.

போனில் களையும் பயிரும் ஒரே பச்சைதான். இப்போது நீங்கள் படம் அனுப்பச் சொல்லி அதைப் பார்த்தே பதில் சொல்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அருள் சிரித்த சிரிப்பு என் காதில் இருக்கிறவரை நான் அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

போனை வைத்ததும் ஜெசிந்தா செல்வத்தைப் பார்த்து, "நீ போப்பா. மருந்து வேணாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அடிக்கலன்னா என்ன ஆகும்னு தெரியுமா? புல்லு நெல்ல அமுக்கிடும். பாதிகூடத் தேறாது. அப்புறம் அவர் எங்கே வர்றது?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"பாகம் பிரிச்சதுலேர்ந்து அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்ல சார். அண்ணன் தம்பி மொகம் பாத்துக்கறதில்ல. கோயில்ல பூசைக்கு நின்னாக்கூட அவங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். என் வயல்ல சொட்டை விழுந்தத ரோட்லேர்ந்து பாத்துட்டு, நான் கேக்காமலே, நாத்து முடியத் தலையில வச்சுக்கிட்டு அக்கா வந்து நின்னாங்க. 'எறங்குடி, ரெண்டு பேரும் நட்டுடலாம்'னாங்க. அத்தன வருஷத்துல என்கிட்ட பேசின மொதல் பேச்சு சார் அது. அந்த நாத்த நானே மருந்தூத்திச் சாகடிச்சா, நாளைக்கு அவங்க இந்த வழியா வந்து பாத்தா என்ன நெனப்பாங்க?"

ஒரு பக்கம் கணவர் வீடு திரும்ப வேண்டும். இன்னொரு பக்கம், அப்படித் திரும்பினால் அவர் வாழ வேண்டியது இதே ஊரில், இதே அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில். ஜெசிந்தா தெரியாமல் பேசவில்லை. எல்லாம் தெரிந்துதான் பேசினார்.

வரப்பில் ஏறி நின்று மேலாளருக்குப் போன் போட்டேன். அந்த வயல் எங்கள் செயல்விளக்க வயல்களில் ஒன்று, அதனால் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் உற்சாகமாகிவிட்டார்.

"அடிங்க சார்! நல்லதாப் போச்சு. நம்ம நெல்லு பச்சையா நிக்கும், அந்த நெல்லு பக்கத்துலயே கருகிக் கெடக்கும். போட்டோ எடுத்து அனுப்புங்க. இதவிட விளம்பரம் வேணுமா?"

நியாயம்தான். அவர் கண்ணுக்கு அது ஒரு படம். அவர் கெட்டவரும் இல்லை, என் பெண் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து வேலை செய்தவர். ஆனால் அவர் அந்த வரப்பில் நிற்கவில்லை. "சிக்னல் சரியில்ல சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

இளையவர்களே, இங்கேதான் நான் உங்களோடு கொஞ்சம் உட்கார விரும்புகிறேன். மழை வருகிறது, ஆள் காத்திருக்கிறான், மேலே இருந்து ஒரு குரல், எதிரே ஒரு பெண்ணின் கண்ணீர். இந்த மாதிரி நேரத்தில் நம் கை பரபரக்கும். அடி என்று சொல்லிவிடலாம், அடிக்காதே என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடலாம். இரண்டுமே நம்மால் முடியும். எனக்கு அன்றைக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நாற்றைக் கொடுத்தவர் பக்கத்து வயலில் இருக்கிறார், அவரிடம் யாரும் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"செல்வம், ஒரு டீ குடிச்சிட்டு வா. நான் வர்றவரைக்கும் போயிடாதே" என்று சொல்லிவிட்டு பிலோமினாவின் வயலைப் பார்த்து நடந்தேன்.

அவர் நடவு வயலில் மடையைக் கட்டிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான அம்மாள், பேச்சும் அதற்கேற்ற மாதிரி. நான் யார் என்பதைச் சொன்னேன். அருளின் கையெழுத்து, மருந்து, நாற்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை. கடைசியாக, "உங்க மனசு நோகும்னு அந்தம்மா மருந்தே வேணாங்கறாங்க" என்றேன்.

பிலோமினா மண்வெட்டியை அப்படியே போட்டார். விறுவிறுவென்று வரப்போடு நடந்தார். பின்னாலேயே ஓடினேன். அடி விழப்போகிறதோ என்றுகூட நினைத்தேன்.

"ஏன்டி, ஒனக்குப் பைத்தியமா?" என்று தூரத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார். "நாலு முடி நாத்துக்காகப் புருசன அங்கேயே விட்ருவியா? வரப்புல காஞ்சி கெடந்த நாத்துடி அது! ஆட்டுக்குப் போட வச்சிருந்தேன்!"

"இல்லக்கா..."

"என்ன இல்லக்கா? எம்மேல மரியாத வைக்கணும்னா என்னக் கூப்ட்டுக் கேட்ருக்கணும். வாய் இல்ல ஒனக்கு?"

சொல்லிக்கொண்டே வயலில் இறங்கி, தான் நட்ட குத்து ஒன்றைத் தன் கையாலேயே வேரோடு பிடுங்கினார். சேற்றைத் தட்டிவிட்டு வரப்பில் வைத்தார். அப்புறம் அடுத்த குத்து. ஜெசிந்தா அழுதுகொண்டே அவர் பக்கத்தில் இறங்கினார்.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. பிடுங்குவதானால் சாகடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளத்தில் இருப்பது முழுக்க பிலோமினாவின் நாற்றுதான். அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சேற்றால் ஒரு வரப்புப் போட்டுத் தண்ணீர் புகாமல் தனியாக்கிவிடலாம். மற்ற இடங்களில் பிடுங்கியதையும் கொண்டுவந்து அதற்குள் நடலாம். அந்தத் துண்டில் மருந்து வேண்டாம், கையால் களை எடுத்துக்கொள்ளலாம். மீதி வயலுக்கு மருந்து. சில நாள் கழித்து, ஜோடி நெல் நெருக்கமாக நிற்கிற இடத்திலிருந்தே கலைத்து எடுத்து, சொட்டைகளில் நட்டுவிடலாம். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

"செய்யலாம். ஆனா பொழுது சாயறதுக்குள்ள முடியணும். மூணு பேரு போதாது" என்றேன்.

பிலோமினா நிமிர்ந்து, டீ குடித்துவிட்டு வந்த செல்வத்தைப் பார்த்தார். "நீ என்ன வேடிக்க பாக்குற? அந்த மம்பட்டிய எடு. வரப்பப் போடு."

"நான் மருந்தடிக்க வந்தவங்க..."

"மருந்தடிக்கணும்னா மொதல்ல வரப்பு போடணும். போடு."

செல்வம் போட்டான். நானும் குனிந்து பிடுங்கினேன். எத்தனையோ வருடம் வரப்பில் நின்று மற்றவர்களுக்குச் சொன்ன வேலை. கொஞ்ச நேரத்தில் இடுப்பு கழன்றுவிட்டது. பிலோமினா என்னைப் பார்த்து, "சாரு கம்பெனில குனிய விடமாட்டாங்க போல" என்று சொல்ல, ஜெசிந்தா முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கோடியக்கரைப் பக்கத்து மேகம் வந்துகொண்டே இருந்தது. காற்று ஒரு தடவை குளிர்ந்து அடித்தபோது நாங்கள் நாலு பேரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தோம்.

சூரியன் இறங்குவதற்குள் பள்ளத்தைக் கட்டிவிட்டோம். பிடுங்கிய நாற்றெல்லாம் அதற்குள் போனது. செல்வம் நாக்குத் தள்ள மருந்தை அடித்தான். கட்டிய வரப்போரம் வந்ததும் முனையைத் தாழ்த்திப் பிடித்து, ஒரு துளி அந்தப் பக்கம் போகாமல் அடித்தான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. தானே போட்ட வரப்பு, அந்த அக்கறைதான். மறுநாள் விடிகிற நேரத்தில் மழை பிடித்தது. நான் வீட்டு ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

களை செத்தது. சொட்டைகள் நிரம்பின. பள்ளத்தில் இருந்த பயிரும் தேறிவிட்டது. மேலாளர் கேட்ட படம் மட்டும் கிடைக்கவில்லை. "வயல் ஒரே மாதிரி இருக்கே சார், வித்தியாசமே தெரியலயே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஜெசிந்தா கூப்பிட்டார். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க சார். நாளைக்கு அவரு பதில் சொல்லணுமாம்."

போனேன். வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. வயலில் கதிர் வெளியே வந்து பால் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பால் பிடிக்கிற கதிர் இன்னும் நெல் ஆகவில்லை. புகையான் பூச்சி வரலாம், அறுப்புக்கு முன்னால் ஒரு புயல் வரலாம். விளைச்சல் இவ்வளவு வரும் என்று எந்த விவசாயிக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் விதி. உங்களுக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள். சரியான விதி.

ஜெசிந்தா வரப்பில் நின்று என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் பிலோமினாவும் நின்றார்.

"சொல்லுங்க சார். வரச் சொல்லட்டுமா?"

என் பணிக்காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கஷ்டமானது இதுதான். வரச் சொல்லுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லிவிட்டு ஒரு புயல் வந்தால், ஒரு மனிதருக்கு வேலையும் போய் விளைச்சலும் போயிருக்கும். வேண்டாம் என்று சொன்னால் இன்னும் மூன்று வருடம் அந்த வீட்டில் போனில் மட்டும் ஒரு கணவர் இருப்பார்.

"பயிர் நல்லா இருக்கும்மா. இதுவரைக்கும் நல்லா இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். மூட்டைக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது" என்றேன். சொன்னதும் எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. ஆனால் அதற்கு மேல் சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டார். பிலோமினா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது.

"அவரு கம்பெனிக்காரரு, அவரால அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார். பிறகு ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "கொறைஞ்சா எங்க வீட்டு நெல்லுலேர்ந்து நான் அளந்து தர்றேன். எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டாரு. நீ மனுசன வரச் சொல்லுடி."

ஜெசிந்தா போனை எடுத்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் வடிகால் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் கண் கலங்கியிருந்தது, இந்த வயதில் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அருள் பொங்கல் கழித்து வந்தார். அறுப்பு முடிந்த சமயத்தில் நானும் போனேன். வயலுக்குப் போனதும் மகசூல் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை, அதற்குத்தான் போனேன். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஜெசிந்தாவும் பிலோமினாவும் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு வீட்டு நெல்லும் ஒரே களத்தில் கிடந்தது.

அதில் எது எந்த ரகம், எது யாருடையது, குறைந்ததா, அளந்து தந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்த ஒரு வயலுக்கு மட்டும் என் அறிக்கையில் மகசூல் இல்லை.